மூங்கில், கண்ணாடி, கரி: ஒரு குச்சி வாங்கின கதை

போன மாசம் போன்ல அம்மா கேட்டாங்க. "ஏன்டா, ஏதோ பார்சல் வரணும்னு காத்துக்கிட்டு இருந்தியே, வந்துச்சா?"

வந்துச்சும்மான்னேன்.

"என்னது அது?"

"குச்சிம்மா. மீன் புடிக்கிற குச்சி. வெறும் குச்சிதான். பிடி, வளையம் எல்லாம் நாமளே மாட்டிக்கணும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "உங்க மாமா வேலியில இருந்து ஒரு மூங்கில் கம்பை உருவி ரெண்டு நிமிஷத்துல தூண்டில் கட்டிடுவாரு. நீ இதுக்காடா மூணு மாசமா யோசிச்சே?"

நியாயமான கேள்வி. போன்ல பதில் சொல்ல வரல. அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல இது என்ன மாதிரி மீன்பிடின்னு சொல்லிடறேன். நமக்குத் தெரிஞ்ச தூண்டில்ல முள், மண்புழு, தக்கை, கொஞ்சம் ஈயம் இருக்கும். வீசும்போது ஈயத்தோட கனம் பறந்து போகும், நரம்பு அது பின்னாடியே இழுபட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்ல இது தலைகீழ். முள்ளுல இருக்கிறது இறகையும் நூலையும் வெச்சுக் கட்டின ஒரு பொய்ப் பூச்சி. அதுக்குக் கனமே கிடையாது, கையால தூக்கிப் போட்டா நம்ம மூஞ்சியிலயே வந்து விழும். அதனால நரம்பையே கனமா செஞ்சுட்டாங்க. மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கற மாதிரி குச்சி வளைஞ்சு நிமிரும், கனமான நரம்பு வளையமா விரிஞ்சு போகும், அதோட நுனியில பூச்சி தொத்திக்கிட்டுப் போகும். ஆக, குச்சிங்கிறது இங்க வெறும் கம்பு கிடையாது, ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்னு வந்துட்டா என்னை மாதிரி எஞ்சினியரிங் படிச்சுட்டுப் பொட்டி தட்டறவனுக்குக் கை அரிக்கத்தானே செய்யும் :-)

இனி கொசுவத்தி.

நான் இருக்கிறது நியூ ஜெர்சி பக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி, ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரத்துல, ஒரு குச்சி வாங்கினேன். கடையில எல்லாருக்கும் கொடுக்கிற அதே ஒன்பது அடி, அஞ்சாம் எண் நரம்புக்கான கரி இழைக் குச்சி. பார்க்குல புல்தரையில வீசிப் பார்த்தேன். அருமையா போச்சு. அந்தத் தைரியத்துல பென்சில்வேனியாவுல ஒரு மலை ஓடைக்குப் போனேன். ஓடைன்னா நம்ம ஊர் வாய்க்கால் அகலம்தான் இருக்கும். ரெண்டு கரையிலயும் ரோடோடென்ட்ரான் புதர், மேல கூரை போட்ட மாதிரி கிளைகள். பின்பக்கம் வீச இடமே இல்ல. முன்னாடி மீன் இருக்கிற குழி பன்னெண்டு அடி தூரம். அவ்வளவு கிட்டத்துல என் குச்சி வளையவே இல்ல, கம்பி மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னுச்சு. நரம்பு காலடியில கொத்தா விழுந்துச்சு. கோபத்துல பலமா வீசினேன், பூச்சி கிளையில மாட்டுச்சு, இழுத்தேன், நுனி 'டக்'குன்னு போச்சு. தப்பு முழுக்க என்னோடது.

அந்தப் பக்கமா வந்த ஒரு பெரியவர் இதைப் பார்த்துட்டு, சிரிக்காம, தன்னோட குச்சியைக் கையில கொடுத்தார். ஆறரை அடி இருக்கும். தேன் நிறம். கையில எடுத்தா கொழகொழன்னு ஆடுது. கண்ணாடி இழையாம், 1970கள்ல வாங்கினதாம். மணிக்கட்டை லேசா அசைச்சேன். பூச்சி போய்க் குழியில உக்காந்துச்சு. அம்பது வருஷம் பழைய சாமான் புதுசை விட நல்லா வேலை செய்யுதுன்னா ஒரு எஞ்சினியருக்கு எவ்வளவு அசிங்கம்! இது ஏன்னு தெரிஞ்சாகணும்னு தேட ஆரம்பிச்சதுதான் இதெல்லாம்.

ரொம்பப் பழசுல இருந்து ஆரம்பிச்சா, 1676ல சார்லஸ் காட்டன்னு ஒரு ஆங்கிலேயர். ஐசக் வால்டனோட 'தி கம்ப்ளீட் ஆங்ளர்' புத்தகத்துக்கு ரெண்டாம் பாகம் எழுதினவர். குச்சியோட நீளத்தை ஆத்தோட அகலத்தைப் பார்த்து முடிவு பண்ணணும்னு அவர் அப்பவே சொல்லிட்டார். ட்ரவுட் ஆத்துக்கு அஞ்சாறு கஜம், அதாவது பதினஞ்சுல இருந்து பதினெட்டு அடி போதும்னார். 'போதும்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. அப்போ குதிரைவால் மயிரை முறுக்கின நரம்பு. அதைத் தூரமா வீச முடியாது, அதனால குச்சியையே நீளமாக்கி எட்டினாங்க.

அதுக்கப்புறம் வந்த மரங்களோட பட்டியலைப் பார்த்தா கப்பல் கம்பெனி சரக்குப் பட்டியல் மாதிரியே இருக்கும். அமெரிக்காவுல இருந்து ஹிக்கரி, கரீபியத் தீவுகள்ல இருந்து லான்ஸ்வுட், தென்னமெரிக்காவுல பிரிட்டிஷ் கயானாவுல இருந்து கிரீன்ஹார்ட். இந்தக் கிரீன்ஹார்ட் துறைமுகத்துல தண்ணிக்குள்ள தூணா நடறதுக்காகக் கப்பல் கப்பலா இங்கிலாந்துக்குப் போன மரம். உளுத்துப் போகாது, கரையான் அரிக்காது, இரும்பு மாதிரி கனம். அதுல ஒரு துண்டை இழைச்சுத் தூண்டில் குச்சி செஞ்சாங்க. யாரும் தூண்டிலுக்குன்னு மரம் தேடிப் போகல. வேற எதுக்கோ வந்த மரத்துல நமக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும்.

இப்போ கதை அமெரிக்கா வருது. என் அபார்ட்மென்ட்ல இருந்து காரை எடுத்தா போய்ட்டு வந்துடற தூரத்துல ஈஸ்டன்னு ஒரு ஊர். டெலவேர் ஆறும் லீஹை ஆறும் சேர்ற இடம். அங்க சாமுவேல் ஃபிலிப்பின்னு ஒரு துப்பாக்கி செய்யறவர் இருந்தார். வயலினும் செய்வாராம். 1846 வாக்குல அவர் மூங்கிலை நீளவாக்குல பிளந்து, பட்டைகளை ஒட்டித் தூண்டில் குச்சியோட மேல் பகுதிகளைச் செஞ்சார். மூங்கிலைப் பிளந்து நுனி செய்யறதை இங்கிலாந்துல முன்னாடியே முயற்சி பண்ணியிருக்காங்க. ஆனா இன்னைக்கு நாம பார்க்கிற ஒட்டு மூங்கில் குச்சிக்கு வம்சாவளி ஈஸ்டன்ல இருந்துதான் எழுதறாங்க.

ஏன் பிளக்கணும்? முழு மூங்கிலையே வெச்சுக்கக் கூடாதா? மாமா வெச்சுக்கிட்டாரே? இங்கதான் விஷயம். மூங்கிலோட பலம் முழுக்கத் தோல் பக்கத்துல இருக்கு. வெளிப்பக்கம் இழைகள் நெருக்கமா இருக்கும், உள்ளே போகப்போக வெறும் சோறு மாதிரி. ஒரு தண்டை வளைச்சா வெளிப்பரப்புலதான் அதிக இழுவிசை, நடுவுல எதுவுமே இல்ல. அதனால மூங்கிலை முக்கோணப் பட்டைகளா சீவி, தோல் வெளிய வர்ற மாதிரி ஆறு பட்டையை ஒட்டினா, மெல்லிசா, அறுகோணமா ஒரு தண்டு வரும். எங்கெல்லாம் பலம் வேணுமோ அங்கெல்லாம் தோல். பொருளியல் புத்தகம் எதுவும் படிக்காம, கைப்பழக்கத்துலயே கண்டுபிடிச்சது இது. எஞ்சினியரிங்ல நாலு செமஸ்டர் கழிச்சுத்தான் எனக்கு இது புரிஞ்சுது.

ஆறு பட்டைக் குச்சியைக் கடைக்குக் கொண்டு வந்தவர்கள்ல முக்கியமானவர் மெய்ன் மாநிலத்து பாங்கர்ல இருந்த ஹிரம் லெனர்ட். 1870கள்ல பட்டை சீவ ஒரு இயந்திரம் செஞ்சார். அதை யாருக்கும் காட்டாம பூட்டின அறையில வெச்சிருந்தாங்க. இன்னைக்கு சோர்ஸ் கோடைப் பூட்டி வெக்கிற மாதிரி.

சரி, மூங்கில் எங்க இருந்து வந்துச்சு? முதல்ல நம்ம பக்கம்! 'கல்கத்தா கேன்'னு பேரு. கல்கத்தா துறைமுகம் வழியா போனதால அந்தப் பேரு. பெரும்பாலும் கல்மூங்கில் இனம்னு சொல்றாங்க. பிரிட்டிஷ் குதிரைப்படை ஈட்டிக்குக் கம்பு செய்ய எடுத்ததும் இதே இனம்தான். கல்கத்தா மூங்கில்ல ஒரு தொல்லை: பல கம்புல நெருப்பு வெச்சுச் சுட்ட தழும்பு இருக்கும். சுட்ட இடத்தைத் தள்ளிட்டுப் பார்த்தா தேர்றது கொஞ்சம்தான்.

20ஆம் நூற்றாண்டு தொடங்கினப்புறம் 'டோன்கின் கேன்' வந்து கல்கத்தாவைத் துரத்திடுச்சு. பேரைப் பார்த்தா வியட்நாம் மாதிரி இருக்கு, ஆனா அது வளர்றது சீனாவுல, குவாங்டாங் மாகாணத்துல சுயி ஆத்துப் பக்கம் ஒரு சின்ன வட்டாரத்துல. வியாபாரிங்க வெச்ச தப்பான பேரு அப்படியே நின்னுடுச்சு. காண்டன்ல லிங்நான் பல்கலைக்கழகத்துல இருந்த ஃப்ளாய்ட் மெக்ளூர்னு ஒரு தாவரவியலாளர் 1931லதான் அதுக்கு முறையா அறிவியல் பேரு வெச்சார், 'அமாபிலிஸ்'னு. லத்தீன்ல 'அழகானது', 'விரும்பத்தக்கது'ன்னு அர்த்தம். மூங்கிலைப் பார்த்து ஒரு விஞ்ஞானி உருகியிருக்கார் பாருங்க.

இந்தக் காலத்துலதான் நம்மாளு ஒருத்தர் வர்றார். நம்மாளுன்னா எஞ்சினியர். எவரெட் காரிசன், நியூயார்க் பக்கம். மத்தவங்க எல்லாம் கைக்கு எப்படி இருக்குன்னு பார்த்துச் சீவிக்கிட்டு இருந்தப்போ, இவர் பாலத்துக்குக் கணக்குப் போடற மாதிரி குச்சியோட ஒவ்வொரு அஞ்சு அங்குலத்துக்கும் எவ்வளவு அழுத்தம் வரும், எவ்வளவு கனம் வேணும்னு கணக்குப் போட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம். 1975ல இறந்துட்டார். அவர் குறிப்புகளை வெச்சு ஹோகி கார்மைக்கேல் முடிச்ச புத்தகம் 1977ல வந்துச்சு. மூங்கில் குச்சி செய்யறவங்களுக்கு இன்னைக்கும் அதுதான் பாடப்புத்தகம்.

ஆனா அதுக்குள்ள மூங்கிலோட காலம் முடிஞ்சு போயிருந்துச்சு. முடிச்சு வெச்சது எந்த மீன்பிடிக்காரரும் கிடையாது. கொரியப் போர். சீனா போர்ல இறங்கினதும் 1950 டிசம்பர்ல அமெரிக்கா சீனாவோட வணிகத்தை நிறுத்திடுச்சு. தடை 1971 வரைக்கும் நீடிச்சுது. இருபது வருஷம்! குடோன்ல மூங்கில் அடுக்கி வெச்சிருந்தவங்க பிழைச்சாங்க. மத்தவங்க வேற வழி பார்த்தாங்க.

வேற வழி தயாரா இருந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல விமானத்துக்கு ரேடார் மூடி செய்ய வந்த கண்ணாடி இழை. ஆர்தர் ஹோவால்டுன்னு பிளாஸ்டிக் துறை ஆராய்ச்சியாளர் ஒருத்தர். 1944ல அவரோட மூங்கில் குச்சி நுனி உடைஞ்சு, போர்க் காலத்துல மாத்து நுனி கிடைக்காம, கண்ணாடி இழையையும் பிசினையும் வெச்சு ஒரு நுனி செஞ்சுக்கிட்டார்னு சொல்லுவாங்க. அது நல்லா வேலை செஞ்சுது. ஷேக்ஸ்பியர் கம்பெனி (நாடகக்காரர் இல்லீங்க, மிச்சிகன்ல கலமசூவுல இருந்த தூண்டில் கம்பெனி) அவர் முறையை வாங்கி 1940களோட கடைசியில 'வொண்டர்ராட்'னு கொண்டு வந்துச்சு. உடையாது, உளுக்காது, ஈரத்துல கோணாது, மூங்கிலை விட ரொம்ப மலிவு. தொழிலாளிங்க, பள்ளிக்கூடப் பசங்க எல்லாம் வாங்கினாங்க. பெரியவர் கையில இருந்தது இந்த வம்சம்தான்.

அப்புறம் கரி. 1958ல ஒஹையோவுல யூனியன் கார்பைடு ஆய்வகத்துல ரோஜர் பேக்கன், 1961ல ஒசாகாவுல அகியோ ஷிண்டோ, 1960களோட நடுவுல இங்கிலாந்துல ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையம்னு வரிசையா கரி இழையை முன்னுக்குக் கொண்டு வந்தாங்க. எல்லாம் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும். ரோல்ஸ் ராய்ஸ் தன்னோட ஆர்பி211 என்ஜினுக்குக் கரி இழையில விசிறி இதழ் செஞ்சு, பறவை மோதல் சோதனையில அது நொறுங்கி, டைட்டேனியத்துக்குத் திரும்பினாங்க. அந்த என்ஜின் இழுத்து விட்ட செலவுல 1971 பிப்ரவரியில கம்பெனியே திவால். கரி இழை செஞ்சவங்க எல்லாம் 'இதை யார்கிட்ட விக்கிறது'ன்னு முழிச்சுக்கிட்டு இருந்த நேரம்.

வாங்கினது யார் தெரியுமா? தூண்டில்காரங்களும் கோல்ஃப்காரங்களும். ஜப்பான்ல ஆயு மீன் பிடிக்க ஒன்பது, பத்து மீட்டர் நீளக் கோல் வேணும், அதை நாள் முழுக்கக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அங்க ஒவ்வொரு கிராமும் தோளுக்குத் தெரியும். 1972ல ஒலிம்பிக்னு ஒரு ஜப்பான் கம்பெனி டோரேயோட இழையில ஆயு கோல் கொண்டு வந்துச்சு. அமெரிக்காவுல ஃபென்விக் கம்பெனிக்காக ஜிம் கிரீன் வடிவமைச்ச கரி ஃப்ளை குச்சி 1973ல வந்துச்சு. விமானக்காரங்க தயங்கி நின்ன வருஷங்கள்ல கரி இழைத் தொழிலுக்குச் சோறு போட்டதுல தூண்டிலுக்கும் பங்கு உண்டு. நூறு வருஷமா கடன் வாங்கியே வாழ்ந்தவன் ஒரு தடவை கடன் கொடுத்திருக்கான்.

கரி ஏன் ஜெயிச்சுதுன்னா, கணக்கு சுலபம். கரி இழையோட விறைப்பு சுமார் 230 கிகாபாஸ்கல். சாதாரணக் கண்ணாடி இழை 72. மூணு மடங்கு. அடர்த்தியோ கரிக்கு 1.8, கண்ணாடிக்கு 2.5. அதே விறைப்புக்குக் குச்சி மெல்லிசா, பாதிக்கும் கீழே கனமா செய்யலாம். வளைஞ்சது சட்டுனு நிமிரும். நரம்பு வேகமாப் போகும், தூரமாப் போகும். ஒவ்வொரு தலைமுறைக் கரிக் குச்சியும் முந்தினதை விட வேகம், விறைப்பு, தூரம். கடை வாசல் பார்க்கிங்ல வீசிக் காட்டறப்போ அதுதானே தெரியும்!

அப்போ என் ஓடையில ஏன் தோத்துச்சு? பதில் ஒரு தர நிர்ணய அட்டவணையில இருந்துச்சு.

முன்னாடி பட்டு நரம்பு இருந்த காலத்துல நரம்போட தடிமனை ஆங்கில எழுத்துல குறிப்பாங்க. பிளாஸ்டிக் பூசின நரம்பு வந்தப்புறம் ஒரே தடிமன்ல வேற வேற கனம் வர ஆரம்பிச்சுது. குழப்பம். அதனால 1961ல அமெரிக்கத் தூண்டில் சாமான் தயாரிப்பாளர் சங்கம், நரம்போட முதல் முப்பது அடி எவ்வளவு கனம்னு பார்த்து எண் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணினாங்க. மூணாம் எண்ணுன்னா 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். அஞ்சாம் எண்ணுன்னா 140 கிரெயின், ஒன்பது கிராம். குச்சியில '5'னு போட்டிருந்தா, முப்பது அடி நரம்பு வெளிய இருக்கும்போது அந்த ஒன்பது கிராமுக்கு அது சரியா வளையும்னு அர்த்தம்.

முப்பது அடி. என் ஓடையில மீனே பன்னெண்டு அடியிலதான் இருக்கு! நேர் விகிதத்துல பார்த்தாலும் வெளிய இருக்கிறது மூணரை கிராம்தான். நரம்போட நுனி சீவின மாதிரி மெலிஞ்சு இருக்கும், அதனால நிஜத்துல இன்னும் குறைவு. ஒன்பது கிராமுக்குச் செஞ்ச ஸ்பிரிங்ல மூணு கிராமைத் தொங்கவிட்டா அது எதுக்கு அசையும்? நம்ம பாஷையில சொன்னா பெஞ்ச்மார்க் தப்பு. ஆயிரம் பேர் வர்ற சைட்டுக்கு ட்யூன் பண்ணின சர்வரை வீட்டுல ஒருத்தனுக்கு வெச்ச கதை. யாரும் ஏமாத்தல. அட்டவணை பெரிய ஆத்துக்குச் சரி. நான் நின்ன இடம்தான் அதுல இல்ல.

கண்ணாடிக் குச்சி அங்க ஜெயிக்கிற காரணமும் இதுலயே இருக்கு. அது கொஞ்சம் கனம். அந்தக் கனமே அதை வளைக்குது. நரம்பு உதவாத இடத்துல குச்சி தன் சொந்த எடையிலயே வளைஞ்சு நிமிரும். விளம்பரத்துல குறைன்னு சொன்னது எதுவோ அதுதான் பன்னெண்டு அடியில குணம். கிளையில மாட்டினாலும் பயமில்ல. உடையறதுக்கு முன்னாடி கண்ணாடி இழை கரியை விட மூணு மடங்கு நீளும். பின்பக்கம் இடமே இல்லாத இடத்துல வில்-அம்பு மாதிரி பூச்சியை விரல்ல பிடிச்சுப் பின்னாடி இழுத்து விட்டுடலாம், குச்சி அப்படியே வளைஞ்சு கொடுக்கும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். கரியிலயும் மெதுவான, மென்மையான குச்சி செய்யலாம், செய்யறாங்க. பொருள் பாதி, எங்க எவ்வளவு தடிமன்ங்கிற சரிவுதான் மீதி. 'கண்ணாடிதான் உசத்தி'ன்னு கொடி பிடிக்கிற கூட்டத்துல நான் இல்ல. பெரிய ஆத்துக்கு, காத்துல வீசணும்னா, கண்ணை மூடிக்கிட்டுக் கரிதான்.

இன்னொரு விஷயம் தெரிஞ்சப்போதான் எனக்கு மனசு கொஞ்சம் கஷ்டமா போச்சு. இந்த ஓடைகள்ல இருக்கிறது ப்ரூக் ட்ரவுட். பென்சில்வேனியாவோட மாநில மீன், மண்ணின் மைந்தன். (ட்ரவுட்னு பேரே தவிர, உண்மையில சார் இனம்.) ஃபிலிப்பி மூங்கில் பிளந்துக்கிட்டு இருந்த காலத்துல இது பெரிய ஓடைகள், ஆறுகள்லயும் பரவலா இருந்துச்சு. அப்புறம் தோல் பதனிடறதுக்கு ஹெம்லாக் மரப்பட்டை வேணும்னு மலை மலையா வெட்டினாங்க. (சாக்ரடீஸ் குடிச்ச ஹெம்லாக் வேற, அது செடி.) நிழல் போச்சு, தண்ணி சூடாச்சு. சூடான தண்ணியில இந்த மீன் பிழைக்காது. 1883ல ஜெர்மனியில இருந்து ப்ரவுன் ட்ரவுட் முட்டை அமெரிக்கா வந்துச்சு, வெப்பம் கொஞ்சம் தாங்கற அது கீழ் ஆறுகளைப் பிடிச்சுக்கிச்சு. மண்ணின் மைந்தன் மேல மேல ஏறி, கடைசியில யாரும் வேண்டாம்னு விட்ட தலைமடை ஓடையில போய் ஒதுங்கிட்டான், ஆறேழு அங்குலத்துல. குச்சிங்க எல்லாம் தூரமா வீசக் கத்துக்கிட்ட அதே நூறு வருஷத்துல மீன் கிட்டக்க வந்து ஒளிஞ்சுக்கிச்சு. அந்தப் பன்னெண்டு அடிக் குழி அப்படி உண்டான இடம். அங்க போறவன் அதுக்கு ஏத்த குச்சியோட போகணும்னு எனக்குத் தோணுச்சு. ஆறு அங்குல மீனை விறைச்ச குச்சியில வெடுக்குன்னு பிடுங்கி எறியறதுக்கா போறோம்? வளையற குச்சின்னா மெல்லிசு நரம்பு போதும், வாயும் கிழியாது, அலுங்காம திருப்பி விட்டுடலாம்.

சரி, தேர்வு. ரெடிமேடா வாங்காம வெறும் தண்டு வாங்கினேன். 'பிளாங்க்'னு சொல்வாங்க. செய்முறை கேட்டா அப்பளம் உருட்டற மாதிரிதான் இருக்கும்: பிசின் ஊறின இழைத் துணியைக் கொடி மாதிரி முக்கோணமா வெட்டி, கூம்பின எஃகுக் கம்பி மேல இறுக்கச் சுத்தி, மேல டேப் சுத்தி, அடுப்புல வேக வெச்சு, கம்பியை உருவிடுவாங்க. அந்தக் கம்பியோட சரிவும் துணியோட வெட்டும்தான் குச்சியோட ஜாதகம்.

மூங்கில் பிளாங்க் விலையைக் கேட்டுட்டு அந்த ஜன்னலை மூடிட்டேன். கரியில ஏழரை அடி, மூணாம் எண் ஒண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. அதை ரொம்ப நாள் கார்ட்ல வெச்சிருந்தேன். கடைசியில முடிவு பண்ண உதவினது சில்லறைக் காசு. நிஜமாத்தான். வில்லியம் ஹான்னமன்னு ஒருத்தர் 2003ல ஒரு முறை வெளியிட்டார். குச்சியைக் கிடையாக் கட்டி, நுனியில பை தொங்கவிட்டு, அமெரிக்க ஒரு சென்ட் காசா போட்டுக்கிட்டே வரணும். நுனி குச்சியோட நீளத்துல மூணுல ஒரு பங்கு கீழே இறங்கினதும் காசை எண்ணணும். புது சென்ட் ஒண்ணு சரியா ரெண்டரை கிராம். ஆக எந்தக் கம்பெனி என்ன எண் எழுதியிருந்தாலும் காசு உண்மையைச் சொல்லிடும். புது நுனி போட்டு வாங்கின என் ஒன்பது அடிக் குச்சியை டைனிங் டேபிள்ல கட்டிப் பார்த்தேன். அஞ்சுன்னு எழுதின குச்சி ஏழுக்குப் பக்கத்துல காட்டுச்சு! ரூம்மேட் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அப்புறம் பிளாங்க் விக்கிறவங்க கொடுக்கிற காசு எண்ணிக்கையைப் பார்த்து, அறிவிச்ச எண்ணுக்குக் கீழேயே நிக்கிற ஒரு கண்ணாடித் தண்டை எடுத்தேன். ஆறரை அடி, மூணாம் எண், ரெண்டு துண்டு. எஸ்-கிளாஸ் இழை. 72க்குப் பதில் சுமார் 86 கிகாபாஸ்கல் விறைப்பு, அதனால பழைய கண்ணாடியை விட மெல்லிசா வரும். இதுவும் 1960கள்ல ராக்கெட் கூட்டுக்காகச் செஞ்சதுதான், சொன்னேன்ல, திரும்பத் திரும்ப வரும்னு :-) இணைப்புல உலோகக் குழாய் கிடையாது. உள்ளே சொருகற தண்டும் அதே கண்ணாடி. உலோகம் வெச்சா நடுவுல கொஞ்ச இடம் வளையாம முறைச்சுக்கிட்டு நிக்கும், இவ்வளவு குட்டிக் குச்சிக்கு அது பாவம்.

வளையம் கட்டற நூல் பாதி சுத்தியாச்சு. கார்க் பிடி கொஞ்சம் கோணலா ஒட்டிட்டேன், உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். எபாக்ஸி காய ரெண்டு நாள். அம்மாகிட்ட போட்டோ அனுப்பினேன். "மாமாகிட்ட காட்டினேன், பிடி கோணலா இருக்காம்"னு பதில் வந்திருக்கு.

பி.கு.: 'நம்ம ஊர்ல ட்ரவுட் உண்டா'ன்னு பின்னூட்டத்துல கண்டிப்பா யாராவது கேப்பீங்க. நீலகிரியில உண்டு, ஆனா சொந்த மீன் கிடையாது. 1860கள்ல பிரான்சிஸ் டே கொண்டு வர முயற்சி பண்ணித் தோத்தார். 1900களோட முதல் பத்து வருஷத்துல வில்சன்கிறவர் ரெயின்போ ட்ரவுட்டை நிலைக்க வெச்சார், அவலாஞ்சியில பொரிப்பகமும் வந்துச்சு. அடுத்த தடவை லீவுல வரும்போது குச்சியைப் பெட்டியில எடுத்துட்டு வரலாம்னு ஒரு ஆசை. ரெண்டா கழட்டினாலும் மூணேகால் அடி வருது, பெட்டிக்குள்ள போகாது. மூணு துண்டா வாங்கியிருக்கணும்.